ஆறு விரல் தீவு

12 ஜனவரி, ஞாயிறு

பூங்காக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் மதுரைக்காரர்களும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் வேப்பமரத்தடியில் துண்டு விரித்துப் பழைய காமிக்ஸ் புத்தகங்களைப் பரப்புவார்கள். வாங்குவார்கள், விற்பார்கள், ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வார்கள், மீதி நேரம் சண்டை போடுவார்கள். எல்லோரும் நரைத்த தலை. பெண்பிள்ளை நான் ஒருத்திதான். பழைய பேப்பரை எடைக்கு எடுத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா நான், எடையில் வந்த காமிக்ஸைத் தனியே பிரித்து வைத்தால் லாபம் என்று கண்டுபிடித்து இன்றைக்குக் கடை வைத்திருக்கிறேன். நான் காமிக்ஸ் படிப்பதில்லை. செருப்புக் கடைக்காரன் எல்லாச் செருப்பையும் போட்டுக்கொண்டு நடக்கிறானா?

இன்றைய சண்டை பெரிது. வேங்கை காமிக்ஸ் முப்பதாம் இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு விளம்பரம் உண்டு: ‘அடுத்த இதழ், தீபாவளி அதிரடி, மேஜர் வால்டர் தோன்றும் ஆறு விரல் தீவு.’ அதோடு கம்பெனி படுத்துவிட்டது. பல மாதம் கழித்து எழுந்து வந்தபோது முப்பத்தொன்றாம் இதழில் வேறு கதை. ஆறு விரல் தீவு வந்ததா, வரவே இல்லையா? இங்கே யாரிடமும் பிரதி கிடையாது. ஆனால் குருபாதம் சார் மட்டும், வந்தது, படித்தேன் என்பார். கம்பெனி படுப்பதற்கு முன் கொஞ்சம் பிரதி அச்சாகித் தெற்கே ஏஜெண்டுகளுக்குப் போனது என்பது அவர் கட்சி.

இன்றைக்கும் கதையைச் சொன்னார். சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். “நீராவிப் படகு. ஒருத்தன் ரெண்டு விசில் அடிக்கிறான், படகு கெளம்புது. கடல் மோதுது, தொப்பு தொப்புன்னு. கலங்கரை விளக்கத்துக் காவக்காரன் பேரு சூசை. சொவத்துல ஈரமா ஒரு கை பதிஞ்சிருக்கு. எண்ணிப் பாத்தா ஆறு விரலு.”

“மேஜர் வால்டரோட ஸ்காட்லாந்துல சூசையா சார்?” என்றார் பல் டாக்டர் ஜவஹர். எல்லோரும் சிரித்தார்கள்.

“மொழிபெயர்க்கிறவங்க அப்பல்லாம் அப்படித்தான் போடுவாங்க.”

“மேஜருக்கு நீச்சலே தெரியாது. பதினாலாம் நம்பர்ல அவனே சொல்றான். அந்த ஆளு எதுக்கு சார் தீவுக்குப் போறான்?”

“படகுலதானய்யா போறான்!”

“சார், கோவிச்சுக்காதீங்க. வயசாச்சுன்னா பாக்காததும் பாத்த மாதிரி தெரியுமாம்.”

அது தேவையில்லாத பேச்சு. குருபாதம் சார் எழுந்துவிட்டார். “வரலேன்னு எவனாவது நிரூபிங்க. என் அலமாரி மொத்தத்தையும் அவனுக்கே தந்துர்றேன். இது வார்த்தை.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அலமாரி எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வேங்கை ஒன்றிலிருந்து கடைசி வரை, ஓரம் வெட்டாதது, லெண்டிங் லைப்ரரி முத்திரை விழாதது. மின்வாரியத்தில் வேலை பார்த்து, சம்பளத்தில் பாதியை அதில் போட்டவர். அந்தப் பாதியில் பாதி என் கடைக்கு வந்தது. மனைவி இறந்த பிறகு வீட்டில் அவரும் அலமாரியும்தான்.

13 ஜனவரி, திங்கள்

நேற்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். நிரூபிக்கப்போகிறவள் நான்தான். டாக்டருக்கு அலமாரி போனால் திரும்பச் சந்தைக்கே வராது, கண்ணாடிக்குள் பூட்டிவிடுவார்.

அலமாரியை ஏற்றி வர, வேன் ஓட்டுகிற சகாயத்திடம் சொல்லி வைத்தேன். எப்போது என்றான். சொல்கிறேன், தயாராக இரு என்றேன்.

16 ஜனவரி, வியாழன்

மாட்டுப் பொங்கல் முடிந்து கடை திறந்தேன். போகிக்கு எரிக்காமல் தப்பிய இரண்டு மூட்டை வந்தது. பாதி ராமபாணப் பூச்சி அரித்தது. துருப்பிடித்த பின்களைக் கழற்றவே பொழுது போய்விட்டது.

20 ஜனவரி, திங்கள்

குருபாதம் சார் கடைக்கு வந்தார். வழக்கம்போல முதல் கேள்வி: “வந்துச்சா?” ஆறு விரல் தீவு வந்ததா என்று அர்த்தம். எத்தனையோ வருஷமாக இதே கேள்வி. இல்லை சார் என்றேன். டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன்.

“சின்ன வயசுல உங்களுக்கு அது எப்படிக் கெடைச்சுச்சு?”

“ஆஸ்பத்திரில கெடந்தேன். எங்கண்ணன்தான் வாங்கிட்டு வந்தான்.”

“அந்தப் பிரதி?”

டீயைக் கீழே வைத்தார். “அவன் வாங்கினதை அவனே வித்துட்டான். நான் வேலைக்கு ட்ரெய்னிங் போயிருந்தப்ப, தங்கச்சி கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கிறேன்னு என் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கி எடைக்குப் போட்டுட்டான். மத்ததெல்லாம் நான் திரும்ப வாங்கிட்டேன். அது ஒண்ணுதான் இன்னும் கெடைக்கல. கல்யாணப் பந்தல்ல வச்சுக் கேட்டேன், வாயத் தொறக்கல. அன்னைக்கோட பேச்சு முடிஞ்சுச்சு.”

“எங்க இருக்காரு?”

“வத்தலக்குண்டு. ரிட்டயர்டு கண்டக்டர். அவன் பேச்சு நமக்கு எதுக்கு?”

எனக்கு எதுக்கு என்பது எனக்குத் தெரியும். எடைக்குப் போட்டேன் என்கிறவர்கள் எல்லாவற்றையும் போடுவதில்லை. என் தொழிலே அதில்தான் ஓடுகிறது. அண்ணன்காரர் வீட்டுப் பரணில் அந்த ஒன்று கிடந்தால், அலமாரியே வேண்டாம், அது போதும். கிடக்கவில்லை, வாங்கவே இல்லை என்று அவர் சொன்னால் அலமாரி எனக்கு. இரண்டு பக்கமும் எனக்கே விழுகிற காசு.

27 ஜனவரி, திங்கள்

ஒரு விஷயம் உறுத்துகிறது. கடைக்கு வருகிற எவரிடமும் சின்ன வயதில் படித்த காமிக்ஸைப் பற்றிக் கேட்டால் முதலில் அட்டையைத்தான் சொல்வார்கள். ‘மஞ்சள் அட்டைக்கா, ஒரு ஹெலிகாப்டர் எரியும்.’ கதை மறந்திருக்கும், பேர் மறந்திருக்கும், அட்டை மறக்காது. குருபாதம் சார் இத்தனை வருஷத்தில் ஆறு விரல் தீவின் அட்டையைச் சொல்லிக் கேட்டதில்லை. விசில், அலை, காலடி, கதவு கிறீச்சிடுவது எல்லாம் சொல்வார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை. மதியம் கடையில் கணக்கு.

4 பிப்ரவரி, செவ்வாய்

வத்தலக்குண்டு போனேன். குருபாதம் சாரின் அண்ணன் சிவபாதம் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ‘விசில் சிவபாதமா?’ என்று பஸ் ஸ்டாண்டிலேயே கைகாட்டிவிட்டார்கள். ஒல்லியான ஆள், குரல் மட்டும் பெரிது. அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. மதுரையில் பழைய காமிக்ஸ் விற்கிறேன், உங்கள் தம்பி எனக்குப் பழக்கம், ஆறு விரல் தீவு இருந்தால் நல்ல விலை தருகிறேன் என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “இன்னும் தேடிக்கிட்டா இருக்கான்?”

“ஆமாண்ணே.”

“எங்க போயிம்மா கெடைக்கும்? அது வரவே இல்லயே.”

இதைக் கேட்கத்தான் போனேன். கேட்டதும் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். “அப்ப அவரு படிச்சது?” என்றேன்.

“அவன் எங்க படிச்சான்? அவன் கண்ணு கட்டியில்ல இருந்துச்சு.”

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் புஸ்வாணம் வெடித்துத் தம்பிக்கு இரண்டு கண்ணிலும் அடி. கண்ணாஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போய்விட, பகல் முழுக்கக் காவல் இந்த அண்ணன். பையன் வலிக்கு அழவில்லையாம். புத்தகம் வந்துவிட்டதா என்று கேட்டுத்தான் அழப் பார்த்திருக்கிறான்.

“டாக்டரு என்கிட்ட கண்டிசனாச் சொல்லிட்டாரு. தையல் போட்ட கண்ணு, அழ மட்டும் விட்றாதன்னு. நானும் தெனம் கடைக்குப் போயி நின்னேன். வரலப்பா, கம்பெனி மூடிட்டான்ங்கிறான் கடக்காரன். அதை இவன்கிட்ட எப்படிச் சொல்ல? வந்துருச்சுடா, கட்டை அவுத்ததும் நீயே படிக்கலாம்னேன். இப்பவே வாசின்னுட்டான். கையில என் பூகோளப் புத்தகம் இருந்துச்சு. அதைப் பொரட்டிப் பொரட்டி வாசிச்சேன்.”

“என்னத்தை வாசிச்சீங்க?”

“வாய்க்கு வந்ததைத்தான். தீவுன்னு பேரு போட்டிருக்கான், அப்ப கடல் வேணும். எனக்கு அப்பவே கண்டக்டர் ஆசை, அதனால படகுக்கு விசில். வார்டுல பக்கத்துக் கட்டில்ல சூசைன்னு ஒரு கெழவரு, அவரைக் காவக்காரரா போட்டுட்டேன். அவரும் படுத்துக்கிட்டே கேப்பாரு. தெனம் ஒரு ஆறேழு பக்கம் பொரட்டுவேன். அதுக்கு மேல கற்பனை ஓடாது. இன்னைக்குப் போதும்டா, கண்ணு வலிக்கும்னுருவேன். கட்டிப் போட்ட கண்ணுக்கு என்ன வலி? அவனும் சரிம்பான்.”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“பெட்டியை வித்தது நெசந்தாம்மா. கல்யாண வீடு, எடம் பத்தல, காயிதம்தானேன்னு போட்டுட்டேன். புத்தி இல்ல. பந்தல்ல வந்து நின்னு, மத்ததை விடு, ஆறு விரல் தீவையுமா வித்தேன்னு கேட்டான் பாருங்க. அப்படி ஒண்ணு கெடையாதுடான்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. இருக்கிற புத்தகத்தை எல்லாம் தொலைச்சாச்சு. இதையும் இல்லன்னு சொல்லி எடுத்துட்டா அவன்கிட்ட என்ன மிச்சம்? நான் விக்காதது அது ஒண்ணுதான். திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.”

நான் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவள். “அந்த ஆறு விரலுக்காரன் யாருண்ணே?” என்று கேட்டுவிட்டேன். அவர் உட்கார்ந்த இடத்தில் படகை விட்டார், கதவைக் கிறீச்சிட வைத்தார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நிற்க இடமில்லை என்பதால் அதையும் விட்டேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

பூங்கா. குருபாதம் சார் வந்தார், துண்டு விரிக்கவில்லை. ஷேவ் செய்யவில்லை.

டாக்டர் சும்மா இருக்கவில்லை. வேங்கை அச்சான பிரஸ்ஸில் பைண்டிங் பார்த்த ஒரு பெரியவரைச் சிவகாசியில் கண்டுபிடித்துவிட்டாராம். அடுத்த கூட்டத்துக்குள் நேரில் போய் வீடியோ எடுத்து வருவாராம். “பல்லைப் புடுங்குற மாதிரி வேரோட புடுங்கிருவேன்” என்று சொல்லிச் சிரித்தார்.

“கொண்டாங்க” என்றார் குருபாதம் சார்.

நான் வாயைத் திறக்கவில்லை. கையில் என்ன இருக்கிறது என்று முந்திக்கொண்டு காட்டுகிறவள் வியாபாரத்துக்கு லாயக்கில்லை. ஆனால் கணக்கு இப்போது மாறிவிட்டது. பைண்டர் பெரியவர் பேசிவிட்டால் அலமாரி டாக்டருக்கு. என்னிடம் இருக்கிற வாக்குமூலத்தை அதற்கு முன் போட்டு உடைத்தால் எனக்கு. யோசிக்க ஒன்றுமே இல்லை.

10 பிப்ரவரி, திங்கள்

யோசித்தேன். கடையில் வேலை ஓடவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

இன்றைக்குத் தோன்றியதை எழுதிவைக்கிறேன். அந்தக் காலத்துக் காகிதம் என்னிடம் கட்டுக் கட்டாக இருக்கிறது. துருப்பிடித்த பின் டப்பா நிறைய இருக்கிறது. படம் போட ஓர் ஆள் தெரியும், அச்சடிக்க ஓர் ஆள் தெரியும். சிவபாதம் அண்ணன் கதை சொன்னால் ஆறு விரல் தீவு ஒரு பிரதி தயார். குருபாதம் சார் ஜெயித்துவிடுவார்.

டாக்டர் பழசா புதுசா என்று பின்னைக் கழற்றி ஓட்டையைப் பார்க்கிறவர். மாட்டினால் கடைப் பேர் கெடும். அதனால்தான் வேண்டாம் என்று விட்டேன். வேறு காரணம் இல்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

சிவபாதம் அண்ணன் போன் செய்தார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டார். பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன்.

“அவன்கிட்ட சொல்லிறாதம்மா.”

“நான் சொல்லாட்டி பூங்காவுல அத்தனை பேரு முன்னாடி டாக்டர் சொல்லுவாருண்ணே. எது பரவால்ல?”

“நீ வியாபாரி. உனக்கு எது ஆதாயமோ அதைச் செய்.”

திட்டினாரா, அனுமதி கொடுத்தாரா தெரியவில்லை. போனை வைத்துவிட்டார்.

1 மார்ச், சனி

குருபாதம் சார் வீட்டுக்குப் போனேன். அலமாரியை எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்றுதான் போனேன். ஒவ்வொரு தட்டிலும் வேப்பிலைப் பொட்டலம். ஒவ்வொரு இதழும் தனித்தனி உறையில். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவில் ஒரு வெற்று உறை செருகியிருந்தது, இடம் பிடித்து வைப்பதுபோல.

“சார், ஆறு விரல் தீவு அட்டை என்ன கலரு?”

“என்ன கலருன்னா…” கண்ணை மூடினார். திறந்தார். திரும்ப மூடினார். “விளம்பரத்துல இருக்கிற படந்தான்.”

“விளம்பரம் கறுப்பு வெள்ளைல இருக்கு. அட்டை?”

வெற்று உறையை உருவி எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நீங்க ஆஸ்பத்திரில கெடந்தது கண்ணுக்குத்தான சார்?”

“யார் சொன்னா?”

“வத்தலக்குண்டு போயிருந்தேன்.”

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அவன்கிட்டயா? யாரைக் கேட்டுப் போனீங்க? அலமாரி மேல அவ்வளவு ஆசையா?”

“ஆமா சார், ஆசைதான். ஆசைல போனேன். போன எடத்துல வேற கெடைச்சிருச்சு. கேக்குறீங்களா, போகவா?”

நின்றுகொண்டே இருந்தார். போகச் சொல்லவில்லை. நான் கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். கடைக்குப் போய்த் தினம் நின்றதை, கண் டாக்டர் சொன்னதை, பூகோளப் புத்தகத்தை, பக்கத்துக் கட்டில் சூசையை. சூசை என்றதும் அவர் மெல்ல உட்கார்ந்தார்.

“அந்தத் தாத்தா இருமுவாரு” என்றார். “எங்கண்ணன் வாசிக்கிறப்ப மட்டும் இருமலை அடக்கிக்குவாரு.”

பிறகு, “நான் பாத்தேனே ஜெசிந்தாம்மா. ஈரச் சொவரு. ஆறு விரலு. பாத்தேனே.”

“பாத்தீங்க சார். பாக்கலேன்னு நான் சொல்லலயே.”

“கட்டை அவுத்ததும் படிச்சேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கடைசிப் பக்கம் மட்டும் ஞாபகம் வரல. அதுக்குத்தான் இத்தனை வருஷம் தேடினது. எப்படி முடியுதுன்னு பாக்க.” கையால் முகத்தைத் துடைத்தார். “பந்தல்ல கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல அவன்?”

“வித்ததெல்லாம் வித்தேன், விக்காதது அது ஒண்ணுதான்னாரு.”

எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாய்த் தண்ணீர் திறந்தது திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. நான் அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு, சொல்லாமல் கிளம்பி வந்தேன்.

5 மார்ச், சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு கடை திறந்தேன். டாக்டர் போன் செய்தார்.

“அக்கா, குருபாதம் சார் வாட்ஸப் குரூப்ல இருந்து வெளிய போயிட்டாரு. போன் போட்டா எடுக்கல. நான் கொஞ்சம் ஓவராப் பேசிட்டேனோ?”

“வீடியோ எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு. வரவே இல்லன்னு பைண்டர் சத்தியம் பண்றாரு.” ஜெயித்த குரல் இல்லை அது.

நானும் போன் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. கடையைச் சாத்தும்போது அவர் வீட்டு வழியாக வந்தேன். பூட்டியிருந்தது. அந்த வழி எனக்குச் சுற்று வழி இல்லை. கொஞ்சம்தான் சுற்று.

9 மார்ச், ஞாயிறு

சாவகாசமாக எழுத வேண்டும்.

பத்து மணி வரைக்கும் குருபாதம் சார் வரவில்லை. எல்லோரும் வந்துவிட்டார்கள், யாரும் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. டாக்டர் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் சார் பூங்கா வாசலில் தெரிந்தார், கூடவே இன்னொருவர். இருவருக்கும் ஒரே நடை. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. இத்தனை நாள் அதை நான் கவனித்ததில்லை.

சார் நேராக மரத்தடிக்கு வந்து நின்றார். “ஆறு விரல் தீவு வரல. நான் படிக்கல. தோத்துட்டேன்.”

டாக்டர் போனைப் பைக்குள் போட்டார். “சார், அதை விடுங்க சார். யாரும் கேக்கல.”

“நான் கேட்டேன்ல, நிரூபிங்கன்னு? நிரூபிச்சது நீங்க இல்ல டாக்டர், ஜெசிந்தாம்மா. அலமாரி அவங்களுக்கு. வார்த்தைன்னா வார்த்தை.” பக்கத்தில் நின்றவரைக் காட்டினார். “இது எங்கண்ணன். இவருதான் வாசிச்சாரு.”

பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. சிவபாதம் அண்ணன் பஸ்ஸில் நிற்பது மாதிரி ஒரு கையால் வேப்பங்கிளையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பூகோளப் புத்தகம் என்றபோது சிரிப்பு கிளம்பியது. அழ விடாதே என்று கண் டாக்டர் சொன்னதைச் சொன்னபோது நின்றுவிட்டது.

முதலில் வாயைத் திறந்தது பல் டாக்டர். “அப்ப அந்த விசில், சூசை எல்லாம் உங்க வேலையா?”

“தப்பாச் சொல்லிட்டேனா தம்பி?”

“தப்பா? மேஜர் வால்டர் கதையிலேயே நல்ல எடம் அதுதாண்ணே!”

எல்லோரும் புல்லில் உட்கார்ந்தார்கள். குருபாதம் சார் மட்டும் நின்றார். “எப்படிண்ணே முடியுது?”

அவர் அண்ணனோடு பேசுகிற குரல் அது. எங்களிடம் பேசுகிற குரல் வேறு.

“எனக்கெங்கடா தெரியும்? கடைசி நாளைக்கு மிச்சம் வச்சிருந்தேன். காலைல வந்து கட்டை அவுத்துட்டாங்க. நீ வெளிச்சத்தைப் பாத்துக் கூசிக் கத்தினியே தவிர, கதையை எங்க கேட்ட? நானும் தப்பிச்சோம்டான்னு விட்டுட்டேன்.”

“இப்பக் கேக்குறேன்.”

“எங்க விட்டேன்?”

குருபாதம் சார் உட்கார்ந்து கண்ணை மூடினார். “மேஜர் கலங்கரை விளக்கத்துக்குள்ள படி ஏறுறான். சூசையைக் காணோம். கீழ கதவு தானாச் சாத்திக்குது. தண்ணி ஏறுது. முட்டி வரைக்கும் வந்துருச்சு.”

“ஆங். முட்டி. சரி, மேஜர் என்ன பண்றான், படார்னு தண்ணிக்குள்ள குதிக்கிறான்…”

“அண்ணே!” நாலைந்து பேர் ஒரே குரலில். “மேஜருக்கு நீச்சல் தெரியாது!”

“அட, தெரியாதா?”

“பதினாலாம் நம்பர்ல இருக்கு!”

“அப்பத் தண்ணியை எறக்கிருவோம்.”

சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நடைப்பயிற்சி போனவர்கள் நின்று பார்த்தார்கள். தண்ணீரை இறக்குவதா, சூசையைப் படகோடு கொண்டுவருவதா என்று சண்டை ஆரம்பித்தது. அப்படி இறக்கினால் ஆறாம் விரலுக்கு என்ன பதில் என்று ஒருவர் கேட்டார். டாக்டர், பைண்டரின் வீடியோ எடுத்த அதே போனில் அண்ணன் பேசுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தார். “நம்பர் போடணும்ல? முப்பத்தொண்ணு ஏற்கனவே இருக்கே” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

குருபாதம் சார் கண்ணைத் திறக்கவே இல்லை. அண்ணன்காரர் இடையிடையே நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு தடவை, பழக்கம்போல, இல்லாத பக்கத்தைக் கட்டைவிரலால் புரட்டினார்.

கதை எப்படி முடிந்தது என்று எழுதப்போவதில்லை. அது என் சரக்கு இல்லை. ஒன்று மட்டும்: நடுவில் அண்ணன் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, “அப்புறம்?” என்று ஒரு பெண்குரல் கேட்டது. அங்கே பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

கிளம்பும்போது சார் அலமாரிச் சாவியைக் கொடுத்தார். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வார்த்தைன்னா வார்த்தை.

17 மார்ச், திங்கள்

சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அலமாரி என் கைக்கு வந்தது எப்படியோ தெரிந்திருக்கிறது. மொத்தமாக எடுத்துக்கொள்கிறாராம், விலையும் நல்ல விலை. சரக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றேன். எப்போது வரும் என்றார். கடையில் இடம் பண்ண வேண்டும், பங்குனி வெயிலில் காகிதத்தை ஏற்றி இறக்கினால் ஒடிந்துவிடும், மழை விழட்டும் என்றேன்.

சாயங்காலம் குருபாதம் சார் கடைக்கு வந்தார். இந்தத் தடவை ‘வந்துச்சா?’ என்று கேட்கவில்லை. கேட்காதது காதுக்கு ஒரு மாதிரி இருந்தது. அண்ணன் இனி ஞாயிறுதோறும் வருவாராம், இரண்டு பேரும் சேர்ந்து வேப்பிலை மாற்றுகிறார்களாம். “உங்க அலமாரிக்குத்தான்” என்று சொல்லிச் சிரித்தார். பார்த்து மாற்றுங்கள், ஈரம் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

20 மார்ச், வியாழன்

சகாயம் போன் செய்தான். “என்னக்கா, ஜனவரிலருந்து வண்டியைத் தயாரா வையி வையின்னீங்க. என்னைக்குத்தான் எடுக்குறது?”

வேறு சவாரி இருந்தால் ஒப்புக்கொள் என்றேன்.